நான் மிதித்துப் பார்த்த பிரேக்

தம்பி,

நலமா என்று இந்த முறை கேட்கப்போவதில்லை. நீ நலமாக இல்லை என்பதை ஜங்ஷனில் ரயில் ஜன்னல் வழியாக என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். அப்பாவின் சாவுக்கு வந்து, கருமாதி வரை பதினாறு நாளும் வீட்டில் இருந்தாய். வருகிறவர்களுக்கு நாற்காலி போட்டாய், காப்பி கொடுத்தாய், என்னோடு மட்டும் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசவில்லை. பேச்சையெல்லாம் வண்டி நகரும் நேரத்துக்கென்று வைத்திருந்தாய் போலிருக்கிறது. கார்டு விசில் ஊதின பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: “அம்மா, அந்த வலது பக்கப் பின் சக்கரத்து நிப்பிளை நான் இன்னும் ஒரு சுத்து முடுக்கியிருக்கணும். கோவத்துல அப்படியே விட்டுட்டேன். பிரேக் அதனாலதான் விட்டுச்சு. அப்பா காலு என் கையாலதாம்மா போச்சு. எட்டு வருஷமா அவர்கிட்ட சொல்லணும்னு நினைச்சேன். வாய் வரலை.” வண்டி நகர்ந்துவிட்டது. நீ முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டாய்.

எனக்கு வாய் ஜாஸ்தி என்று தெரு முழுக்கத் தெரியும். எதற்கும் என்னிடம் பதில் தயாராக இருக்கும். அன்றைக்குப் பிளாட்பாரத்தில், கடைசிப் பெட்டியும் போன பிறகு ஒரு போர்ட்டர் வந்து, “என்னம்மா, டிக்கெட்டைத் தொலைச்சிட்டீங்களா?” என்று கேட்டான். எட்டு வருஷமாக நீ வீட்டுப்பக்கம் வராததற்கு அப்பா மேல் உள்ள வருத்தம் காரணம் என்று நினைத்திருந்தேனடா. அப்பா அன்று பேசிய பேச்சை நீ மறக்கவில்லை என்று நினைத்தேன். இப்படி ஒரு பாரத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிகிறாய் என்று எனக்குத் தெரியவே தெரியாது. ஒன்று முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் படி. அது உன் கையால் நடந்தது இல்லை. என்னால் நடந்தது.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். அணாக் கணக்கு போய் நயா பைசா வந்த புதிது. உறையூரில் அப்பாவின் லேத் பட்டறை நன்றாக ஓடிக்கொண்டிருந்த காலம். நீ பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தாய். கன்டோன்மென்ட்டில் யாரோ ஒரு பழைய துரை விட்டுவிட்டுப் போன சின்ன இங்கிலீஷ் கார், கூடு முழுக்கத் துருப்பிடித்துக் கோழி அடைந்து கிடந்தது. அதை மாட்டுவண்டியில் ஏற்றி ஸ்ரீரங்கத்து வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுவந்தார் அப்பா. நான் தலையில் அடித்துக்கொண்டேன். “முருங்கை மரம் வெக்கிற இடத்துல இந்தச் சனியனைக் கொண்டாந்து வெக்கிறீங்களே!” என்று கத்தினேன். துருப்பிடித்த கூட்டைப் பிய்த்தெறிந்துவிட்டு, வேங்கை மரச் சட்டம் போட்டு, அதன்மேல் அலுமினியத் தகடு தட்டி, நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு காரைப் பண்ணினீர்கள். ஒன்றரை வருஷம் ஆனது. தெருப் பிள்ளைகள் அதற்கு அலுமினியச் சட்டி என்று பேர் வைத்தார்கள். நாலு ஆள் பிடித்தால் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு. முதல் நாள் அது தானாக ஓடினபோது நான் கொல்லையில் நின்று அழுதேன். புகை கண்ணில் பட்டுவிட்டது என்று உங்களிடம் சொன்னேன்.

ஓடிற்று, நிற்கத்தான் மாட்டேன் என்றது. பிரேக்கை மிதித்தால் சேற்றில் கால் வைத்த மாதிரி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அப்புறம் எங்கேயோ அடியில் போய்ப் பிடிக்கும், பிடித்தாலும் முழுசாகப் பிடிக்காது. அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு தயிர்க்காரியின் கூடையைத் தட்டிவிட்டு வந்தார் அப்பா. அவள் திட்டின திட்டு இன்னும் காதில் இருக்கிறது. பெரிய கார்களில் இஞ்சினே காலுக்கு ஒத்தாசை செய்யும் ஏற்பாடு ஒன்று உண்டாமே, செர்வோவோ என்னமோ சொன்னாய். “அதெல்லாம் பணக்கார வண்டிக்குடா. நம்ம வண்டி லேசு. இதுக்கு ஒத்தாசை எதுக்கு? கால் குடுக்கிறது அப்படியே சக்கரத்துக்குப் போய்ச் சேரணும், வழியில எங்கேயும் வீணாப் போகக்கூடாது. அவ்வளவுதான் வேலை” என்றார் அவர். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வீணாய்ப் போவது எங்கே என்று தேடுவதே உங்கள் தொழிலாகிவிட்டது.

அந்தத் தேடலில் நீங்கள் இரண்டு பேரும் எவ்வளவு நெருக்கமாக இருந்தீர்கள் என்பது உனக்கு இப்போது ஞாபகம் இருக்காது. கெட்டதுதான் மனசில் தங்கும். டிரம்முக்குள் சாக்குக்கட்டியைத் தடவிச் சக்கரத்தைச் சுற்றி, டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் ஷூ எந்த இடத்தில் தொடுகிறது என்று பார்த்தீர்கள். நடுவில் மட்டும் வெள்ளை ஒட்டியிருந்தது. “இங்க பாரு, ஆட்டுக்கல்லும் குழவியும் ஒண்ணோட ஒண்ணு சேரலை. மாவு எப்படி அரையும்?” என்று அப்பா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஷூவின் லைனிங்கை டிரம்மின் வளைவுக்குச் சேரும்வரை நீ உட்கார்ந்து தேய்த்தாய், ஒரு வாரம். ஆயில் போகும் பழைய ரப்பர் ஹோஸ்களை, பெடலை மிதிக்கும்போது கையால் பிடித்துப் பார்த்து, வீங்குகிறது என்று நீதான் கண்டுபிடித்தாய். அதையும் மாற்றினீர்கள். பெடலின் தண்டில் புது ஓட்டை போட்டு, மிதி இலேசாகும்படி செய்தார் அப்பா. இலேசானது, ஆனால் முன்னைவிட ஆழமாகப் போயிற்று. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று போகும். இரண்டு பேரும் சோறு ஆறுவது தெரியாமல் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பீர்கள். நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அது பிடித்திருந்தது.

நான் அந்த வேலைக்குள் வந்தது காற்று எடுக்கும்போதுதான். பிரேக் ஆயில் போகிற குழாயில் காற்று சேர்ந்துவிட்டால் பெடல் மெத்தென்று ஆகிவிடும், அதை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்கணும், ஒருத்தர் சக்கரத்தின் பக்கம் படுத்து, காற்று வெளியே வரும் சின்னத் திருகான நிப்பிளைத் திறந்து மூடணும். நீயும் அப்பாவும் ஆளுக்கொரு சக்கரம் பார்ப்பதால் மிதிப்பதற்கு என்னைக் கூப்பிட்டீர்கள். நான் செருப்பில்லாமல் வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்தேன். என் மெட்டி பெடல் இரும்பில் பட்டு டிக் என்று கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் நான் தயார் என்று அர்த்தம். “அழுத்து” என்பார் அப்பா. “அழுத்திட்டேன்” என்பேன். “பிடி” என்பார். நிப்பிள் திறக்கும், கால் கீழே போகும், பாட்டிலில் குமிழி வரும், மூடுவீர்கள். “விடு.” இப்படி நாலு சக்கரத்துக்கும். கடைசியில் அப்பா கேட்பார், “கெட்டியா?” நான் சொல்லணும்.

இரண்டாவதோ மூன்றாவதோ ஞாயிற்றுக்கிழமை. காற்றெல்லாம் எடுத்தாயிற்று, குமிழியே இல்லை, ஆனாலும் மெத்தென்று இருந்தது. நீ தலையைப் பிய்த்துக்கொண்டாய். நான் ஒருமுறை அழுத்திப் பிடித்துக்கொண்டு எதிரே பார்த்தேன். என் காலுக்கு எதிரில் இருக்கும் அலுமினியத் தகடு, பெடலும், ஆயிலைத் தள்ளும் சிலிண்டரும் மாட்டியிருக்கும் தகடு, நான் அழுத்தும்போது முன்னால் போகிறது, விடும்போது திரும்பி வருகிறது. “என்னங்க, இந்தத் தகடு மூச்சு விடுது” என்றேன். நீ சிரித்தாய். அப்பா சிரிக்கவில்லை. எழுந்து வந்து, குனிந்து, கையை வைத்துப் பார்த்தார். “அடப்பாவி! காலு குடுக்கிறதுல பாதியை இந்தத் தகடு தின்னுக்கிட்டு இருக்கேடா!” என்று கத்தினார். மறுநாளே பட்டறையிலிருந்து ஆங்கிள் இரும்பு கொண்டுவந்து தகட்டுக்குப் பின்னால் குறுக்கே வைத்து முடுக்கினார். அதற்கு அப்புறம் பெடல் இரண்டு விரல்கடை இறங்கி, கல்லில் கால் வைத்த மாதிரி நின்றது. “உங்க அம்மா காலுக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லைடா” என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கல்யாணம் ஆகி அத்தனை வருஷத்தில் என்னை அவர் அப்படிப் பெருமையாகச் சொன்னது அதுதான் முதல்முறை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதிலிருந்து வீட்டில் ஒரு சட்டம் வந்தது. நான் மிதித்துப் பார்த்துக் கெட்டி என்று சொல்லாமல் கார் கொல்லைக் கதவைத் தாண்டக்கூடாது. சும்மா மிதித்துப் பார்த்தால் போதாது. அழுத்திப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் ஐம்பது எண்ணணும். அதுவரை பெடல் இம்மியும் இறங்காமல் நிற்கணும். இறங்கினால் எங்கேயோ ஆயில் ஒழுகுகிறது, அல்லது சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இதை அப்பா எனக்குப் பாடம் மாதிரி சொல்லிக் கொடுத்தார். துறையூரில் உன் மாமா வீட்டுக்கு மூன்று பேரும் அந்த இரண்டு ஆள் சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு போனோமே, ஞாபகம் இருக்கிறதா? வழியில் எருமைக் கூட்டம் குறுக்கே வந்தது. அப்பா பதறாமல் மிதித்தார், வண்டி பதறாமல் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்து, “நிறுத்தினது நான் இல்லை, நீதான்” என்றார். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த நல்ல வார்த்தைகளில் அது ஒன்று.

இப்போது என்னைப் பற்றி ஒன்று சொல்லணும். இதைச் சொல்லாமல் அன்றைக்கு நடந்தது புரியாது. உனக்கும் அப்பாவுக்கும் நடுவில் நான் சொன்ன பொய்களுக்குக் கணக்கே இல்லை. அவர் உன்னை உதவாக்கரை என்று திட்டிவிட்டுப் போவார். உன்னிடம் வந்து, “அப்பா உன்னை நினைச்சுக் கவலைப்படுறார்டா” என்பேன். நீ முகத்தைத் தூக்கிக்கொண்டு சாப்பிடாமல் போவாய். அவரிடம், “அவனுக்கு வயித்து வலி, உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கச் சொன்னான்” என்பேன். நீ கேட்டிருக்கவே மாட்டாய். இரண்டு பேருமே கோபக்காரர்கள், இரண்டு பேருமே முதலில் இறங்கி வரமாட்டீர்கள். நடுவில் நான் இல்லாவிட்டால் வீடு இரண்டாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லிச் சொல்லிப் பழகி, வீட்டில் சத்தம் கூடினாலே பொய் தானாக நாக்கு நுனிக்கு வந்து நிற்கும். அதை நான் பொய் என்றே நினைத்ததில்லை. சமாதானம் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை. புத்தூரில் ஒரு டாக்டர் இந்தக் காரைப் பார்க்கணும் என்று சொல்லியனுப்பியிருந்தார். பிடித்திருந்தால் அதே மாதிரி ஒன்று தனக்கும் செய்யச் சொல்வார் என்று அப்பாவுக்கு ஒரே பரபரப்பு. காலையில் வெள்ளைச் சட்டை தேய்த்து வைத்தார். இந்த மாஸ்டர் சிலிண்டர் பழசு, இதையே மாற்றிக் கொஞ்சம் அகலமான சிலிண்டர் போட்டால் மிதி இன்னும் குறையும், கெட்டியாக இருக்கும் என்று நீ ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். அன்றைக்கும் காற்று எடுக்கும்போது அதையே ஆரம்பித்தாய். “அப்பா, சிலிண்டர் சரியில்லைப்பா. ஆயில் கறுப்பா வருது பாருங்க. இன்னைக்குப் போகவேண்டாம், மாத்திட்டுப் போகலாம்.” அவருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “நாலு புஸ்தகம் படிச்சிட்டா நீ எனக்குச் சொல்லித் தர்றியா? மூடிக்கிட்டு வேலையைப் பாரு.” நீயும் விடவில்லை. “நான் சொன்னா எப்பக் கேட்டிருக்கீங்க?” அப்போதுதான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார். “உன் கையால முடுக்கினது எதுவும் நிக்காதுடா. எழுதி வெச்சுக்க.”

நீ அப்போது வலது பின் சக்கரத்தின் பக்கம் படுத்திருந்தாய். நிப்பிளை முடுக்கினாய், ஸ்பேனரைத் தூக்கிச் சுவரில் எறிந்தாய். நான் சீட்டில் உட்கார்ந்திருந்தேன், என் கால் பெடலில் இருந்தது. ஐம்பது எண்ண ஆரம்பித்திருந்தேன். நீ எழுந்து நின்றுவிட்டாய், அவரும் எழுந்து நின்றுவிட்டார். உன் முகம் சிவந்திருந்தது, அவர் கை மேலே போனது. இருபதோ இருபத்திரண்டோ எண்ணிக்கொண்டிருக்கும்போது என் காலுக்குக் கீழே பெடல் மெல்ல இறங்கிற்று. தூங்கிப்போன குழந்தையின் பிடி தளருமே, அந்த மாதிரி. எனக்குத் தெரிந்தது தம்பி. நன்றாகத் தெரிந்தது. இறங்குது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நீ, “பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல” என்றிருப்பாய். அவர் உன்னை அடித்திருப்பார். நீ இருபது வயசுப் பிள்ளை, அடி வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்திருக்கமாட்டாய். இதெல்லாம் ஒரு நொடியில் என் மனசில் ஓடிற்று. காலை எடுத்துவிட்டேன். “கெட்டியா இருக்குங்க. போதும், எந்திரிச்சு வாங்க ரெண்டு பேரும், இட்லி ஆறுது” என்றேன். அவர் கை இறங்கியது. என் வார்த்தைக்கு அந்த வீட்டில் அவ்வளவு மரியாதை இருந்தது.

சாப்பிட்ட பிறகாவது தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்ல நினைத்தேன் என்பது சத்தியம். அவர் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி சந்தோஷமாகக் கிளம்பினார். கொஞ்சம்தானே இறங்கிற்று, ஒருவேளை என் கால்தான் தளர்ந்ததோ என்று எனக்கு நானே ஒரு பொய் சொல்லிக்கொண்டேன். அடுத்தவருக்குச் சொல்லிப் பழகினவள், எனக்குச் சொல்லிக்கொள்ளவா தெரியாது? காவேரிப் பாலம் தாண்டி, சிந்தாமணிப் பக்கத்து இறக்கத்தில் ஒரு வைக்கோல் வண்டி முன்னால் மெதுவாகப் போனதாம். அவர் மெல்லப் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே பின்னால் போயிருக்கிறார். பிடித்த கால் அப்படியே அடிவரை இறங்கிவிட்டது. வைக்கோலின் மேல் ஒரு பொம்பளையும் குழந்தையும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் மேல் ஏறாமல் இருக்க, கைப்பிடிச் சுவரில் கொண்டுபோய் இடித்தார். லேசான காரில் முன்னால் தடுக்க என்ன இருக்கிறது, வெறும் தகடு. அவருடைய வலது முழங்கால் நொறுங்கிவிட்டது.

புத்தூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோது எல்லாரும் கேட்டார்கள், பிரேக் என்ன ஆச்சு என்று. “பிரேக்கெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் பாக்கலை. பராக்குப் பாத்துக்கிட்டு ஓட்டினேன்” என்றார். நீ கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாய். சுவரைப் பார்த்துக்கொண்டே அவர் அதைச் சொன்னார். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. மகனைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான் அப்பா பொய் சொல்கிறார் என்று நீ நினைத்திருக்கிறாய். இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. இடித்ததில் முன் சக்கரத்துக் குழாய் உடைந்து ஆயில் எல்லாம் ரோட்டில் போய்விட்டதால், எது தளர்ந்தது எது தளரவில்லை என்று பார்த்துத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. நீ அந்தக் காரின் பக்கமே போகவில்லை. இரண்டு மாதத்தில் பம்பாயில் ஏதோ கம்பெனியில் கணக்கெழுதும் வேலை என்று கிளம்பிவிட்டாய். அவ்வளவு நல்ல கை உள்ள பிள்ளை, ஒரு திருப்புளியைக்கூட அப்புறம் தொடவில்லை. கல்யாணப் பேச்சு எடுத்தபோதெல்லாம், “என்னை நம்பி ஒரு பொண்ணு வேணாம்மா” என்று எழுதினாய். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு தடவையாவது நான் கேட்டிருக்கணும். பாவி, கேட்கவில்லை. கேட்டால் பேச்சு அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விடுமோ என்று எனக்குப் பயம்.

அப்பாவுக்கு அந்தக் கால் மடங்கவே இல்லை. லேத்தில் நின்று வேலை செய்ய முடியாது, பட்டறையை இன்னொருவர் கையில் விட்டார். வாசலில் ஈசிச்சேர் போட்டு, நீட்டின காலோடு பேப்பர் படிப்பார். உன் கடுதாசி வந்தால் இரண்டு தடவை படிப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். கார் கொல்லைக் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. பழைய சாமான்காரன் வந்து கேட்டபோது கொடுக்கமாட்டேன் என்றுவிட்டார். விபத்து நடந்து ஒரு வருஷம் இருக்கும், ஒரு மத்தியானம் கம்பை ஊன்றிக்கொண்டு கொட்டகைக்குப் போனவர் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கையெல்லாம் கறுப்பு. “என்னங்க பண்ணினீங்க?” என்றேன். “சும்மாதான். தூசி தட்டினேன். கொஞ்சம் சீயக்காய் குடு, கை கழுவணும்” என்றார். நானும் விட்டுவிட்டேன்.

நீ ரயிலேறிப் போன மறுநாளே யூசுப் பாயை வரச்சொன்னேன். அப்பாவின் சிநேகிதர், உறையூரில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறாரே, அவர்தான். “பாய், இந்த வண்டியோட பிரேக்கைப் பிரிச்சுப் பாக்கணும். முதல்ல வலது பின் சக்கரம்” என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. தார்ப்பாயை எடுத்து, சக்கரத்தின் பக்கம் உட்கார்ந்து ஸ்பேனரைப் போட்டார். அசையவில்லை. துருவாக இருக்கும் என்று மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துப் பார்த்தார், அப்போதும் அசையவில்லை. கடைசியில் ஸ்பேனர் முனையில் ஒரு பைப்பைச் சொருகி, காலைத் தரையில் ஊன்றி இழுத்தார். அப்போதுதான் திரும்பியது. “யா அல்லா! யாரு முடுக்கினது இதை? துருவே இல்லை தங்கச்சி, உள்ளே மரை பளபளன்னு இருக்கு. முடுக்கின முடுக்கு இது” என்றார். என் பையன் என்று சொன்னேன். கேட்டுக்கொள் தம்பி. கோபத்தில் நீ குறைவாக முடுக்கவில்லை, கூடத்தான் முடுக்கியிருக்கிறாய். உன் கையால் முடுக்கினது எட்டு வருஷம் நின்றது.

அப்புறம் சிலிண்டரைக் கழற்றினார். உள்ளே இருந்த ரப்பர் கப்பை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்ன தங்கச்சி இது, புதுசாயிருக்கே! ஒரு மிதிகூட வாங்கினதில்லை. யாரோ மாத்தியிருக்காங்க” என்றார். சீட்டுக்கு அடியில் தேடிப் பார்த்தார். ஒரு பழைய பவுடர் டப்பா இருந்தது. அதற்குள் துணியில் சுற்றி, தேய்ந்துபோன பழைய கப். அதன் உதடு ஒரு பக்கம் கிழிந்திருந்தது. யூசுப் பாய் அதைத் தன் விரலில் மாட்டிப் பார்த்துவிட்டு, எதையும் மனசில் வைக்காமல், தொழில் பேச்சாகச் சொன்னார்: “இது இப்படிக் கிழிஞ்சிருந்தா மிதிச்சுப் பிடிக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே தங்கச்சி. பெடல் தானா இறங்குமே.” நான், “தெரிஞ்சுது பாய்” என்றேன். எட்டு வருஷத்தில் அதை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னது அவரிடம்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டு கையைத் துடைத்தார்.

ஆக, தூசி தட்டினேன் என்று சொன்ன அந்த மத்தியானம் கப்பை மாற்றினது அவர்தான், உன் அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. பாலத்து இறக்கத்தில் கால் இறங்கும்போதே தெரிந்திருக்கும். ஐம்பது எண்ணச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தானே, நான் எண்ணி முடிக்காமல் காலை எடுத்தது அவருக்கா தெரியாது? ஆஸ்பத்திரியில் அவர் காப்பாற்றினது உன்னை இல்லை, என்னை. எட்டு வருஷம் அந்த நீட்டின காலை என் எதிரிலேயே வைத்துக்கொண்டு, ஒரு நாள், கோபத்தில்கூட, ஏன்டி அப்படிச் சொன்னாய் என்று கேட்கவில்லை. எவ்வளவு கோபக்காரர்! அதை எங்கே வைத்து அடக்கினாரோ. நானும் அவரிடம் சொல்லவில்லை. அவர் சாகக் கிடந்த கடைசி வாரம், பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். “என்னமோ சொல்ல வர்றியே, என்ன?” என்றார். “ஒண்ணுமில்லைங்க” என்றேன். அவரிடம் நான் கடைசியாகச் சொன்ன பொய் அது. நீ இப்படி ஒன்றைச் சுமந்துகொண்டு திரிகிறாய் என்று தெரிந்திருந்தால் அவர் கட்டாயம் வாயைத் திறந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். புது கப்பைப் போட்டு வைத்தாரே, சிலிண்டர் சரியில்லை என்று நீ சொன்னதை அவர் ஒப்புக்கொண்டதற்கு அதைத் தவிர வேறு அடையாளம் எனக்குத் தெரியவில்லை. அதை உன்னிடம் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை.

உனக்கு என்ன புத்திமதி சொல்லும் யோக்கியதை எனக்கு இருக்கிறது? ஆனாலும் பெற்றவள், சொல்லாமல் இருக்கமுடியாது. நாளைக்கு உனக்கு ஒரு குடும்பம் வரும், வரணும். இரண்டு பேர் சண்டை போட்டால் போடட்டும் என்று விட்டுவிடு. நடுவில் போய் மெத்தை போடாதே. அவன் சொன்னதை அவனே சொல்லட்டும், இவள் சொன்னதை இவளே சொல்லட்டும். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் இல்லாமல் இருந்திருந்தால், அன்றைக்கு ஒரு அடி விழுந்திருக்கும், நீ நாலு நாள் மாமா வீட்டில் போய் இருந்திருப்பாய். அவ்வளவுதானே? அதைத் தடுக்கப்போய் அவருக்குக் காலையும் உனக்கு எட்டு வருஷத்தையும் பறித்துவிட்டேன். என்னை மன்னி என்று கேட்கக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இதைப் படித்த பிறகு உனக்கு என் மேல் வெறுப்பு வந்தால் அதையும் நேரே சொல்லு, சுவரைப் பார்த்துச் சொல்லாதே.

உடைந்த குழாயை யூசுப் பாய் மாற்றிக் கொடுத்துவிட்டார். சிலிண்டரைத் திருப்பிப் பூட்டியாயிற்று, அப்பா போட்ட கப்போடுதான். நாலு நிப்பிளும் உன் கைக்காகத் திறந்தே இருக்கிறது. புது ஆயில் ஊற்றிக் காற்று எடுக்கவேண்டியதுதான் பாக்கி. “நான் எடுத்துத் தர்றேனே தங்கச்சி” என்றார் பாய், வேண்டாம் என்றுவிட்டேன். அதற்கு இரண்டு பேர் வேண்டும், அந்த இரண்டு பேர் யார் என்று உனக்கே தெரியும். லீவு போட்டுவிட்டு வா. நீ சக்கரத்தின் பக்கம் உட்கார், நான் சீட்டில் ஏறிக்கொள்கிறேன். என் காலில் இப்போது மெட்டி கிடையாது, பெடலில் கால் வைத்தால் சத்தம் வராது, அதனால் வைத்துவிட்டேன் என்று வாயால்தான் சொல்லணும். நாலு சக்கரமும் முடிந்ததும் நீ கேள், கெட்டியா என்று. முழுசாக ஐம்பது எண்ணிவிட்டு, என் காலுக்கு எப்படித் தெரிகிறதோ அதை அப்படியே சொல்கிறேன்.

அம்மா